கம்பி எதனை வெட்டுகின்றது?

காந்த விசைக் கோடுகளைக் கம்பி வெட்டும்போது அதில் மின் தூண்டப்படும் என்று பாடசாலையிற் கற்றதனை நம் பழைய மாணவர் பலர் இன்றும் மறந்திரார். வெட்டுதல் என்பது ஈண்டு உருவகம். தமிழாசிரியனாகிய எனக்கு அது புலப்படும். விஞ்ஞான வகுப்பிலிருக்கும் சிறுவனோ அதனை மெய்யாகவே கொள்வான். “ஐயா, வெட்டுண்ட கோடு பின்னர் எங்கே போகும்?” என்று அவன் எழுந்து வினவினால், பாடநூலையன்றிப் பிறிதறியாத ஆசிரியர் அவனை அமர்த்திவிடுவதன்றி வேறென் செய்வார்? விஞ்ஞான ஆசிரியர்க்கு உயர்தர மின்காந்தவியற் பயிற்சி வேண்டப்படுவது இவ்விடத்திலேதான்.

மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆந் திகதி செய்த பரிசோதனையை நோக்குக. இரும்பு வளையமொன்றின் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள், எதிர்ப்பக்கத்தில் மற்றொன்று. முதற் சுருளை மின்கல அடுக்குடன் இணைத்த கணத்தில், இரண்டாஞ் சுருளின் கம்பிக்கு அருகிருந்த காந்த ஊசி அசைந்து அடங்கியது. இணைப்பை நீக்கிய கணத்தில் மீண்டும் அசைந்தது. இடையில் மின் சீராக ஓடியபோது அசைவில்லை. வளையமோ சுருளோ நகரவில்லை. எக்கம்பியும் எதனையும் வெட்டியதாகக் காணோம். இன்று தெருவோரக் கம்பங்களில் நாம் காணும் நிலைமாற்றிகள் யாவும் இவ்வளையத்தின் வழிவந்தனவே. அவ்வாண்டு ஒக்டோபர் 17 இல் காந்தக்கோலொன்றைச் சுருளினுட் செலுத்தியும் பரடே மின் பெற்றார்.

கம்பி நகரும்போது அதனுள்ளிருக்கும் மின்னேற்றங்களும் உடன் நகர்கின்றன. காந்தப் புலத்தில் நகரும் ஏற்றத்தின்மீது ஒரு விசை தாக்கும். அதுவே ஏற்றங்களைக் கம்பி வழியே தள்ளுவது. கம்பி அசையாதிருக்கப் புலம் மட்டும் மாறினால் இவ்விளக்கம் பொருந்தாது. நிற்கும் ஏற்றத்தைக் காந்தப் புலம் தள்ளமாட்டாது. ஆங்கு, மாறும் காந்தப் புலம் ஒரு மின்புலத்தைத் தோற்றுவிக்க, அம்மின்புலமே தள்ளுகின்றது. காரணம் இரண்டாயினும், சுருளினூடாகவுள்ள காந்தப் பாயம் மாறும் வீதம் என்னும் ஒரே கணக்கு இரண்டிற்கும் விடை தருகின்றது. (பாயம் என்பதிலும் பாய்வது யாதுமில்லை, அதுவும் உருவகமே.) விளைவு ஒன்றாயிருக்க விளக்கம் இரண்டாயிருத்தல் ஐன்ஸ்ரைனை உறுத்தியது. சார்புக் கொள்கையை நிறுவிய அவருடைய 1905 ஆம் ஆண்டுக் கட்டுரை, காந்தத்தையும் கம்பியையும் பற்றிய இம்முரணைச் சுட்டியே தொடங்குகின்றது. நம் சிறுவனின் வினா அதற்கு வெகு தொலைவிலில்லை.

மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கரும்பலகை நிறைய எழுதிப் பயிற்சியை முடித்துவிடுதல் எளிது. பரடேயோ உயர்கணிதம் கற்றவரல்லர்; கோடுகளைக் கொண்டே சிந்தித்தார். அச்சிந்தனைக்கு மக்ஸ்வெல் கணித வடிவம் தந்தது பின்னரே. ஆதலின் பயிற்சிக்கு வரும் ஆசிரியர் முதலிற் பெரிய இரும்பாணியொன்றில் காவலிட்ட செப்புக் கம்பியால் இரு சுருள்கள் சுற்றி, உலர்மின்கலத்தையும் கல்வனோமானியையும் தம் கையால் இணைத்துப் பார்க்கட்டும். சமன்பாடு அதன்பின் வரட்டும். அங்ஙனம் பயின்றவர், எழுந்து நிற்கும் சிறுவனை நோக்கி, “தம்பி, கோடுகள் நாம் வரைந்தவை, புலமே மெய். இங்கே வந்து இச்சுருளைப் பிடி” என்பார்.