கொடுவா வந்த வழியைச் செதில் சொல்லும்: மீனைக் கொல்லாமல் அறியும் முறை

கொடுவா மீன் உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகம் வழியாக உப்பங்கழிக்கும், வழி இருந்தால் நன்னீருக்கும் ஏறி வளரும். முதிர்ந்ததும் முட்டையிட உப்புநீருக்குத் திரும்பும். ஆனால் எல்லா மீனும் இப்படிச் செய்வதில்லை. சில மீன்கள் நன்னீர்ப் பக்கமே வராமல் வாழ்ந்துவிடும்.

மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதி ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகிறது. நீர் இறங்கும் வழிதான் மீன் ஏறும் வழியும். முட்டுக்காட்டில் பிடிபடும் ஒரு கொடுவா இந்த வழியில் எவ்வளவு தூரம் ஏறி வந்தது என்பதை அதன் செதிலைக் கொண்டே கணிக்கலாம்.

செதிலில் என்ன இருக்கிறது?

செதில் என்பது புரத நாரும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்த மெல்லிய எலும்புத் தகடு. மீன் வளர வளர, மரத்தின் வளையம்போலச் செதிலும் ஓரத்தில் வளரும். நடுப்பகுதி இளமைக் காலம். ஓரம் அண்மைக் காலம்.

கால்சியத்தைப் போன்ற குணமுள்ள ஸ்ட்ரான்சியமும் பேரியமும் நீரிலிருந்து சிறிதளவு செதிலில் படியும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் உண்டு. ஆற்றுநீரில் பொதுவாக இது மிகக் குறைவு. பேரியம் இதற்கு நேர்மாறாக, நன்னீரில்தான் அதிகம். செதிலின் நடுவிலிருந்து ஓரம் வரை லேசர் கருவியால் புள்ளி புள்ளியாக அளந்தால், மீன் எந்த வயதில் எந்த நீரில் இருந்தது என்று தெரியும்.

வட ஆஸ்திரேலியாவின் மேரி ஆற்றுப் பகுதியில் இதே கொடுவா இனத்தின் செதில்களில் பேரியம், ஸ்ட்ரான்சியம் அளவுகளை ஆராய்ந்து, அவை வாழ்ந்த இடங்களைக் கணித்த ஆய்வு 1996-இல் வெளியானது.

ஏன் செதில்?

மீனின் தலைக்குள் உள்ள செவிக்கல்லும் இந்த வரலாற்றைச் சொல்லும். செதிலைவிடத் துல்லியமாகவே சொல்லும். ஆனால் அதை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். பெரிய மீனைக் கொன்றால் போவது பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன். செதிலோ, எடுத்த இடத்தில் மீண்டும் முளைத்துவிடும்.

செதில் எடுக்கும் முறை

1. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடிக்கவும். உலர்ந்த கை பட்டால் உடலின் வழவழப்புப் படலம் போய், நோய் தொற்றும்.
2. பக்கத் துடுப்புக்குப் பின்னால், முதுகுத் துடுப்புக்குக் கீழே உள்ள பகுதியில் 3 அல்லது 4 செதில்கள் போதும். பிளாஸ்டிக் இடுக்கியால் வால் பக்கமாக இழுத்து எடுத்து, மீனை உடனே நீரில் விடவும்.
3. செதிலைச் சுத்தமான நீரில் அலசவும். சோப்பு, உப்பு கூடாது. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் பூஞ்சணம் பிடிக்கும்.
4. உறைமேல் தேதி, இடம், மீனின் நீளம், எடை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதவும்.
5. அந்த இடத்து நீரையும் ஒரு பாட்டிலில் எடுத்து வைக்கவும். ஏரிக்கு ஏரி நீரின் தன்மை மாறும். உள்ளூர் நீரோடு ஒப்பிட்டால்தான் செதிலின் கணக்கு சரியாக வரும்.

விற்பனைக்குப் பிடித்த மீனிலும், சுத்தம் செய்யும் முன் இதே இடத்தில் செதில் எடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது செதிலின் நடுவில் வளையங்களே இல்லாமல் வெறுமையாக இருந்தால், அது விழுந்து மீண்டும் முளைத்த செதில். இளமைக் கால வரலாறு அதில் இருக்காது, ஒதுக்கிவிடவும். மீன் மிகச் சிறிய குஞ்சாக இருந்த நாட்களும் எந்தச் செதிலிலும் பதிவாகாது. ஒரே மீனை வைத்து முடிவு கட்டாமல், பல பருவங்களில் பல மீன்களிலிருந்து எடுப்பதே சரி.

நமக்கு என்ன பயன்?

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கங்கையே சான்று. 1975-இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பின், அலகாபாத் வரை ஏறிச் சென்ற உல்லம் மீனின் வரத்து மேல்பகுதியில் பெரிதும் குறைந்துபோனது.

நம் பகுதியிலும் கால்வாய் அகலம், மதகு, முகத்துவாரத்தில் மணல் மூடுவது ஆகியவை வெள்ளக் கணக்கை மட்டும் வைத்தே பேசப்படுகின்றன. பிடிபட்ட மீன்களின் செதிலில் நன்னீர்த் தடம் இருந்தால், அந்த வழி மீனுக்கும் தேவை என்று கூட்டங்களில் ஆதாரத்தோடு கேட்கலாம். அளக்கும் கருவி ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கும். ஆனால் எந்த மீன், எங்கே, எப்போது என்ற குறிப்போடு செதிலைச் சேர்த்து வைப்பது மீன் பிடிப்பவர் கையில்தான் இருக்கிறது.