தோடும் ஊசியும்

ஹட்டன், நுவரெலியா பக்கம் கூடைப்பந்து ஆடும் பிள்ளையிடம், "தோட்டைக் கழட்டுங்க மகள்" என்று மத்தியஸ்தர் சொன்னால் கோபிக்க வேண்டாம். பிறரைக் காயப்படுத்தக்கூடிய எதையும் அணிந்து ஆடக்கூடாது என்பது விதி. மூக்குத்தி, வளையல், சங்கிலி எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

முன்பு தலைமறைப்பும் அதே பட்டியலில் இருந்தது. 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் ஹிஜாபைக் கழற்ற மறுத்த கட்டார் மகளிர் அணி ஆடாமலே திரும்பியது. 2017 மே மாதம் சர்வதேசச் சம்மேளனம் தடையை நீக்கியது. ஒக்டோபரில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது.

நிபந்தனைகள் உண்டு: முகம் மறையக்கூடாது, அணிக்கு ஒரே நிறம், முகம், கழுத்தைச் சுற்றி ஊசியோ பொத்தானோ ஆகாது. எனவே உம்மாமாரே, தோட்டை வீட்டில் வாங்கி வையுங்கள். ஊசி குத்தாமல் தலைவழியே மாட்டும் முக்காட்டைக் கொடுத்தனுப்புங்கள். இன்று மத்தியஸ்தர் தடுப்பது ஊசியைத்தான், முக்காட்டை அல்ல.