டீசல் ஏறினால் உழவு வாடகை எவ்வளவு ஏறலாம்?

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் சுற்று வட்டாரத்தில் டிராக்டர்களுக்கு ஓய்வில்லை. நிலக்கடலை விதைக்க வேண்டிய மானாவாரி நிலங்களில் உழவுக்கேற்ற ஈரம் நான்கைந்து நாள்தான் நிற்கும். அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். ஏர் மாடுகள் அருகிவிட்ட இந்நாளில், சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயி வாடகை வண்டியைத்தான் நம்பியிருக்கிறார். "டீசல் ஏறிவிட்டது, மணிக்கு இவ்வளவு" என்று வண்டிக்காரர் சொன்னால், பேரம் பேச நேரமும் இல்லை. கேட்ட தொகை நியாயமா என்று பார்க்கக் கணக்கும் கையில் இல்லை.

டீசலின் விலை உழவர் கையில் இல்லை. ஆனால் ஒரு வேலைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது அவர் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

விலை ஏறும் விதம்

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. எங்கோ மூளும் போர் நம் ஊர் உழவைத் தொடுவது இதனால்தான். 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டபோது பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. இந்தியாவில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறை வந்தது. இவற்றோடு மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரியும் விலையில் சேருகின்றன.

2022-ஆம் ஆண்டு நடந்ததைப் பார்த்தால் விவரம் விளங்கும். அந்த ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச் 21 வரை சென்னையில் லிட்டர் 91 ரூபாய் 43 காசாக இருந்த டீசல், ஏப்ரல் 6-ஆம் தேதி 100 ரூபாய் 94 காசைத் தொட்டது. பதினாறே நாளில் ஏற்றம் 9 ரூபாய் 51 காசு. மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்த பின் 94 ரூபாய் 24 காசுக்கு இறங்கியது.

லிட்டர் கணக்கு

நடுத்தர டிராக்டர் ஒன்று ஒன்பது கலப்பை பூட்டி உழும்போது மணிக்குச் சுமார் 5 லிட்டர் டீசல் பிடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். ரோட்டவேட்டர் ஓட்டினால் இன்னும் கூடும். 2 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 3 மணி வீதம் 6 மணி நேர உழவு என்றால் 30 லிட்டர். லிட்டருக்கு 9 ரூபாய் 51 காசு ஏறியபோது கூடுதல் டீசல் செலவு 285 ரூபாய். மணிக்கு 48 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அந்த நாளில் மணிக்கு 50 ரூபாய் கூட்டிக் கேட்டவர் டீசலுக்காகக் கேட்டார். 150 ரூபாய் கூட்டிக் கேட்டிருந்தால், மீதி 100 ரூபாய் வேறு எதற்கோ என்பது தெளிவு.

தண்ணீர் இறைப்பில் அடி இன்னும் பலம். தமிழகத்தில் விவசாய மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை. இணைப்புக்காகக் காத்திருப்பவரோ ஆயில் எஞ்சினைத்தான் ஓட்ட வேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மணிக்குச் சுமார் 1 லிட்டர் ஆகும். ஏக்கர் கடலைக்கு ஒரு தண்ணீருக்கு 8 மணி நேரம், மொத்தம் 8 தண்ணீர் என்றால் 64 லிட்டர். அதே விலை ஏற்றத்தில் கூடுதல் செலவு 608 ரூபாய். ஒரே ஏக்கருக்கு இவ்வளவு. வசதி குறைந்தவர் தலையில்தான் பாரம் அதிகம் விழுகிறது.

ஓட்டுநர் பக்கத்து நியாயம்

"டீசல் ஏறும்போது ஏறும் வாடகை, இறங்கும்போது இறங்குவதில்லை" என்பது உழவர்களின் குறை. அதில் உண்மை உண்டு. வண்டிக்காரருக்கும் சொல்ல நியாயம் உண்டு. டயர், எஞ்சின் ஆயில், உதிரி பாகங்கள், டிரைவர் கூலி, கடன் தவணை ஆகிய எதுவும் டீசலோடு சேர்ந்து இறங்குவதில்லை. கிராமத்தில் டிராக்டர் வைத்திருப்பவர் பலரும் தவணை கட்டும் விவசாயிகளே.

லாரிக்காரர் நிலையும் இதுதான். சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டுபவர்கள் உண்டு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி, போக வர 680 கிலோமீட்டர் சென்றால் 170 லிட்டர் வேண்டும். 2022 ஏற்றத்தில் அந்த ஒரு நடைக்கே 1,616 ரூபாய் கூடியது. வாடகையை முன்பே பேசி முடித்திருந்தால் அவ்வளவும் அவர் கைநஷ்டம். திரும்பி வரச் சுமை கிடைக்காவிட்டால் நஷ்டம் இன்னும் கூடும். டீசல் விலைக் குறைப்பு உள்ளிட்ட கோரிக்கைகளுடன் 2018 ஜூலை 20 முதல் 8 நாட்கள் நாடெங்கும் லாரிகள் ஓடாமல் நின்றன. லாரி நின்றால் விளைபொருளும் தேங்கும்.

பேசி முடிக்கும் முறை

பட்டம் தொடங்கும் முன்பே வாடகையை இரண்டாகப் பிரித்துப் பேசிக்கொள்வது நலம். வண்டிக்கும் டிரைவருக்கும் மணிக்கு இவ்வளவு என்பது ஒன்று. அது அந்தப் பட்டம் முழுவதும் மாறாது. டீசலுக்கு அன்றைய பங்க் விலைப்படி என்பது மற்றொன்று. விலை ஏறினால் உழவர் கொடுப்பார். இறங்கினால் வண்டிக்காரர் குறைப்பார். சந்தேகம் இருந்தால் டாங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் உழுதபின் மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். ஊற்றிய அளவே உண்மையான செலவு.

வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். சில தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் வாடகை எந்திரங்கள் உண்டு. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுமாதலால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

லிட்டரைக் குறைக்க

அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வண்டியை அழைத்தால் வீண் ஓட்டம் மிஞ்சும். நிலத்தின் நீளவாக்கில் உழுதால் திரும்பும் தடவை குறையும். தேய்ந்த கொழுவை மாற்ற வேண்டும். உழவுப் பதம் வருமுன் சேற்றில் ஓட்டினால் சக்கரம் வழுக்கி டீசல் வீணாகும், மண்ணும் இறுகும்.

ஆயில் எஞ்சினில் கரும்புகை வந்தால் ஏர் பில்டரையும் நாசிலையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் விழும் குழாயைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்தால், அந்த உயரத்துக்கும் டீசல் எரியும். அடைத்த புட்வால்வு, வேண்டாத வளைவுகள், குறுகிய குழாய் ஆகியவை இறைப்பைக் குறைக்கும். சொட்டுநீர்ப் பாசனம், சூரிய சக்தி பம்ப்செட் ஆகியவற்றுக்கான மானியம் பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பொறியியல் துறையிலும் கேட்டறியலாம்.

சுமை ஏற்றுவதிலும் கூட்டு முயற்சி பலன் தரும். மரவள்ளிக் கிழங்கை வெட்டிப் போட்டு லாரிக்காகக் காத்திருந்தால் மாவுச்சத்து குறைந்து, ஆலையில் பாயிண்டு இறங்கும். பக்கத்து நிலத்துக்காரரோடு பேசி, ஒரு முழு லோடு தேறும்படி ஒரே நாளில் வெட்டுவது நல்லது. தக்காளியிலும் அப்படியே. சேலம் சென்று வர 5 லிட்டர் பிடிக்கும் சிறிய சரக்கு வண்டியில் 20 பெட்டி ஏற்றினால், பெட்டிக்குக் கால் லிட்டர் டீசல். 50 பெட்டி ஏற்றினால் 100 மில்லிதான்.

அடுத்த உழவுக்கு வண்டி வரும்போது மணியோடு லிட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். மறு ஆண்டு ஆடியில் வாடகை பேசும்போது, அந்த நோட்டு உழவருக்கும் வண்டிக்காரருக்கும் பொதுவான சாட்சியாக இருக்கும்.