கிண்ணத்தில் மதிய உணவு

மதிய உணவு முழுவதையும் ஒரே கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொள்ளாமல் முடிப்பது எடைக் குறைப்புக்கு உதவும் எளிய வழிகளில் ஒன்று. அடியில் கொஞ்சம் சோறு, மேலே காய்கறி, பக்கத்தில் பயறோ முட்டையோ மீனோ, ஒரு கரண்டி தயிர். ஜப்பானின் டோன்புரியும் கொரியாவின் பிபிம்பாப்பும் இப்படிக் கிண்ணத்தில் பரிமாறப்படும் உணவுகளே. ஆனால் அவை எடையைக் குறைப்பதற்காகத் தோன்றியவை அல்ல. பலன் கிண்ணத்தில் இல்லை, அதற்குள் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று சோறு மூன்று முறை விழுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் தெரியும். மொத்தம் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி உண்டு. மூன்று முறையும் சேர்ந்து 400 கிராம் ஆகிவிட்டால் சோறு மட்டுமே 520 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2025-ல் வெளியாயின. இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அவை காட்டின. கிண்ணம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது: சாப்பிடப்போவது மொத்தமும் முதல் கவளத்துக்கு முன்பே கண்ணெதிரே இருக்கும்.

வயிறு நிறைவதில் கலோரியைவிட உணவின் எடைக்கும் பருமனுக்கும் பங்கு அதிகம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊட்டச்சத்து அறிஞர் பார்பரா ரோல்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தண்ணீரும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு, குறைந்த கலோரியிலேயே வயிற்றை நிரப்புகிறது. 100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரிதான். 2004-ல் வெளியான அவரது ஆய்வில், மதிய உணவுக்கு முன் கலோரி குறைந்த காய்கறி சாலட்டைப் பெரிய அளவில் சாப்பிட்டவர்கள், அந்தச் சாலட்டையும் சேர்த்தே, மொத்தத்தில் 12 விழுக்காடு குறைவான கலோரியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கொழுப்பு மிகுந்த சாஸும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த சாலட்டைச் சாப்பிட்டபோதோ மொத்தக் கலோரி கூடிப்போனது. தட்டின் அளவைச் சிறிதாக்கினால் மட்டும் சாப்பிடுவது குறைகிறதா என்றும் அதே குழு 2007-ல் சோதித்தது, குறையவில்லை. சின்னக் கிண்ணம் வாங்கினால் போதும் என்ற நம்பிக்கையை இதோடு விட்டுவிடலாம்.

ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-ல் வெளியிட்ட ஆரோக்கியத் தட்டின் கணக்கு கிண்ணத்துக்கும் பொருந்தும்: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். நம் அடுப்படியில் இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. புடலங்காய்ப் பொரியல், கீரை மசியல், முட்டைக்கோஸ், வெள்ளரி ஆகியவற்றால் பாதியை நிரப்பலாம். உருளைக்கிழங்கு வறுவலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது சோற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டியது. புரதத்துக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, முட்டை, குழம்பு மீன் என்று எத்தனையோ உண்டு. சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம் என்பதால் அதை மட்டும் புரதம் என்று நம்பியிருக்க முடியாது. சோற்றுக்குப் பதில் சிறுதானியம் என்றால் நார்ச்சத்து கூடும், கலோரி பெரிதாகக் குறைந்துவிடாது. ஆகவே அதற்கும் கால் பங்குதான்.

பெரும்பாலும் கணக்கைக் கெடுப்பது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 90 கிராம் சோற்றுக்குச் சமம். தாராளமாகத் துருவிப்போட்ட தேங்காய், மயோனைஸ், வறுத்த நிலக்கடலை எல்லாம் இதே வகை. கடைகளில் விற்கும் கிண்ண உணவுகளை வாங்குவோர் சாஸைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

சாப்பிடும் வரிசையும் பயன் தரும். வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. நீரிழிவு உள்ளவர்கள் காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைந்ததை அது கண்டது. அதனால் எல்லாவற்றையும் பிசைந்து கலக்காமல், மேலிருக்கும் காயிலிருந்து தொடங்கலாம். நிறைவு உணர்வு வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அவசரமாக விழுங்கினால் அதற்குள் கிண்ணம் காலியாகிவிடும்.

அளவை மிகவும் குறைப்பதும் தவறு. வெறும் வெள்ளரியும் தக்காளியும் சாப்பிட்டவருக்கு நான்கு மணிக்கே பசிக்கும். அப்போது கைக்குக் கிடைப்பது பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும்தான். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதமும் கீரையும்கூட அளவோடுதான் தரப்படும். இந்த இரு தரப்பினரும் கிண்ணத்தின் பங்கீட்டை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.