லெடாங் மலையின் இலைகள்

ஜாசின், ஆசாஹான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த நம்மவர்களுக்கு, மலாக்காவும் ஜொகூரும் கூடும் எல்லையருகே 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லெடாங் மலை நாள்தோறும் கண்ணிற்படும் காட்சியேயாயினும், அதன் உச்சியில் விளையும் இலைகள் அடிவாரத்து இலைகளுக்கு முற்றிலும் வேறான சுபாவமுடையவை என்பதை ஏறிப் பார்த்தவரன்றிப் பிறர் அறிதல் அரிது.

அடிவாரக் காட்டிலே அகன்ற இலைகளும், மழைநீரை வடித்துவிடும் கூரிய நுனிகளும் மிகுதி. மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகின்றன. இலைகளும் சிறுத்துத் தடித்து விறைக்கின்றன. சிகரத்துப் பாறைகளிடையே நிற்கும் லெப்டோஸ்பெர்மம் மரத்தின் இலையை விரலிடையே மடித்துப் பார்த்தால், அது எளிதில் மடியாது. வறண்ட பிரதேசத்துச் செடியோ என மயங்கத் தோன்றும். விசித்திரம் யாதெனில், அது நிற்பதோ மேகம் அடிக்கடி தவழும் ஈரத்தில்!

நூறு மீட்டர் ஏறுந்தோறும் உஷ்ணம் ஏறத்தாழ 0.6 பாகை குறைவதால், உச்சி அடிவாரத்தினும் சுமார் ஏழு பாகை குளிர்ந்திருக்கும். அக்குளிரிலும் ஈரத்திலும் சருகு விரைந்து மக்குவதில்லை. ஆகவே நைட்ரஜன் முதலிய சத்துக்கள் அதனுள்ளேயே சிறைப்பட்டு, மண் புளித்துப்போகிறது. மெல்லிய பாறைமண் சிலபொழுது உலர்வதும், பலத்த காற்று வீசுவதும் உண்டெனினும், இலை தடிப்பதற்குத் தாகத்தைக் காட்டிலும் பசியே பெருங்காரணம் எனக் கொள்வது பொருந்தும். வருவாய் சுருங்கிய குடும்பம் தடித்த துணியாகப் பார்த்து வாங்கி நெடுநாள் உடுப்பதுபோல, இச்செடிகளும் உறுதியான இலையொன்றை ஆக்கி, அதை ஆண்டுக்கணக்கில் உதிர்க்காமல் காக்கின்றன.

அதே பசிக்குக் குடுவைச் செடி கண்ட உபாயம் வேறு: இலைநுனியே குடுவையாகிப் பூச்சிகளை வீழ்த்தி, அவற்றின் உடலிலிருந்து நைட்ரஜனைப் பெறுகிறது. 1854இல் இம்மலையேறிய இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், நீர் கிடையாத இடத்தில் பூச்சிகள் கிடந்த குடுவை நீரையே பருகி, அது சுவையாகவே இருந்ததென எழுதிவைத்தார், துணிச்சல்காரர்தாம்.

இவ்வியல்புகள் இடத்தின் தாக்கம் மட்டுமோ, பரம்பரையாய் வருவனவோ என்ற ஐயம் நியாயமானதே. கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்னும் ஆய்வாளர் மூவர், ஒரே இனச் செடிகளைப் பல உயரங்களிலிருந்து திரட்டி, தூர்களைப் பிரித்துக் கடலோரத் தாழ்நிலத்திலும் இடைமலையிலும் உயர்மலையிலும் நட்டு ஆராய்ந்து, முடிவுகளை 1940இல் வெளியிட்டனர். இடத்திற்கேற்ப உருவம் சற்று மாறியது உண்மையே. ஆயினும் உயர்மலைச் செடி தாழ்நிலத்திலும் குள்ளமாகவே நின்றது, தாழ்நிலச் செடியோ உயர்மலையின் குளிர்காலத்தைத் தாங்கமாட்டாது மடிந்தது. தற்செயலாக உயரத்திற்கு ஏற்ற இயல்போடு பிறந்தவையே அங்கு தலைமுறை தலைமுறையாய்ப் பிழைத்து விதை ஈன்றமையால், அவ்வியல்பு வித்திலேயே ஊறிவிட்டது.