கொழுந்து வாட்டும் காற்றின் கணக்கு

மீரியபெத்த முதல் அப்புத்தளை வரை, இலங்கையின் ஊவா மலைத் தோட்டங்களில் கண்ணில் படும் பெரிய கட்டடம் தேயிலைத் தொழிற்சாலைதான். 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் கட்டிய தம்பேதன்னை ஆலை அவற்றுள் புகழ்பெற்றது.

பறித்த கொழுந்தில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர். வாட்டும் தொட்டிகளில் மின்விசிறிகள் பல மணி நேரம் காற்றடித்து ஒரு பகுதியை இறக்கும். பிறகு, விறகு அடுப்பில் சூடேறிய காற்று ஈரத்தைச் சுமார் 3 சதவீதமாக்கும்.

கொழுந்து வாட வாட, தேவைப்படும் காற்றும் குறையும். பழைய மோட்டாரோ ஒரே வேகத்தில் சுற்றும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், மின்தேவை ஏறக்குறைய பாதியாகும். விசிறியின் மின்தேவை வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதே காரணம்.

அடுப்பில் காய்ந்த விறகை எரித்து, சூடான காற்றின் கசிவை அடைத்தால் விறகுச் செலவும் இறங்கும்.