உங்கள் கம்ப்யூட்டர் ஏன் தூங்க மறுக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப் கிளிக் செய்கிறீர்கள். மானிட்டர் அணைகிறது. சற்று நேரத்தில் யாரும் தொடாமலே மீண்டும் உயிர் பெறுகிறது. அல்லது, காலையில் எழுப்பினால் எல்லாம் வருகிறது. மவுஸ் மட்டும் நகர மறுக்கிறது. உடனே சர்வீஸ் ஆளை அழைக்க வேண்டாம். பெரும்பாலும் இது டிரைவர் சமாச்சாரம். டிரைவர் எழுதும் குழுவில் வேலை பார்ப்பதால், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற தரத்தை வெளியிட்டன. அதன்படி கம்ப்யூட்டருக்கு எஸ்0 முதல் எஸ்5 வரை நிலைகள் உண்டு. எஸ்3 என்பதுதான் வழக்கமான ஸ்லீப். ராம் மெமரிக்கும் எழுப்பிவிடும் சர்க்யூட்டுக்கும் மட்டும் மின்சாரம் போகும். எஸ்4 என்பது ஹைபர்னேட். ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும்.

ஸ்லீப் உத்தரவு வந்ததும் ஒவ்வொரு டிரைவரும் புதிய வேலைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும். கையில் உள்ளதை முடிக்கும். பிறகு தன் சாதனத்தின் செட்டிங்குகளை ராமில் குறித்துக்கொள்ளும். மின்சாரம் நின்றதும் சாதனம் எல்லாவற்றையும் மறந்துவிடும் அல்லவா? எழுந்ததும் டிரைவர்தான் அவற்றைத் திரும்ப எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மவுஸ் உறைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் சரியாவதும் இதனால்தான். டிரைவர் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதில் வரிசை முக்கியம். ஊருக்குப் போகும்போது அறைகளைப் பூட்டிவிட்டுத்தானே வாசல் கதவைப் பூட்டுவோம்? அதுபோல முதலில் மவுஸ், பிறகு அது செருகப்பட்ட யு.எஸ்.பி. கன்ட்ரோலர். எழும்போது தலைகீழ்.

தானாக எழுகிறதா? கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக் என டைப் செய்து என்டர் தட்டுங்கள். எழுப்பியது யார் என்று பல சமயம் சொல்லிவிடும். நெட்வொர்க் கார்டு என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், பவர் மேனேஜ்மென்ட் டேபில் எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த டேப் எல்லா மெஷினிலும் இருக்காது.

இனி ஓர் எச்சரிக்கை. யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பை எஸ்3-ல் விட்டு, கரண்ட் போனால் ராம் காலியாகிவிடும். சேவ் செய்யாத ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போனது போனதுதான்! 2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டா, டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைக்கும் ஹைபிரிட் ஸ்லீப்பைக் கொண்டுவந்தது. இருந்தாலும் முதலில் கன்ட்ரோல் எஸ், பிறகு ஸ்லீப் என்று பழகுங்கள்.

இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 கிடையாது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயரில், எஸ்0-லேயே அரைத்தூக்கம்தான். ஏதாவது ஒரு டிரைவர் ஓய மறுத்தால் பைக்குள் சூடாகி, பேட்டரியும் கரையும். எனக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெளியூர் கிளம்பும்போது ஹைபர்னேட் செய்துவிடுங்கள். மெனுவில் அது தெரியாவிட்டால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன்களுக்கான பக்கத்தில் ஹைபர்னேட்டுக்கு டிக் செய்து சேவ் கொடுங்கள்.